உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லையாம்!

"வெறும் மூட்டுவலிதானே? உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, விடுங்க."

முடக்குவாதம் வந்த யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. மாமியார் சொல்வார், மேனேஜர் சொல்வார், பக்கத்து வீட்டு அம்மா சொல்வார். சில சமயம் அவசரத்தில் இருக்கும் டாக்டரே சொல்லிவிடுவார். சொல்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த வாக்கியம் இரண்டு விதத்தில் தப்பு. ஒன்று, அது உண்மையே இல்லை. இரண்டு, உண்மையாக இருந்தாலும் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், சோற்றைப் பிசைய முடியாமல் முப்பது வருடம் உயிரோடு இருப்பதற்கு 'ஆபத்தில்லை' என்றா பெயர்?

இது வயசுக் கோளாறு இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'மூட்டுவலி' என்ற ஒரே சொல்லுக்குள் ஏகப்பட்ட நோய்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். எழுபது வயதுத் தாத்தாவுக்கு முழங்கால் வலித்தால் அது பெரும்பாலும் தேய்மானம். முடக்குவாதம் முற்றிலும் வேறு ரகம். நம்மைக் காப்பாற்ற வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறது. மூட்டு வீங்குகிறது, சூடாகிறது. கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரித்துப் போகின்றன. அரித்துப் போன எலும்பு திரும்ப வளர்ந்து பழைய வடிவத்துக்கு வராது.

பெரும்பாலும் இது கை விரல்களிலும் மணிக்கட்டிலும் பாதத்திலும் ஆரம்பிக்கும். இடது வலது இரண்டு பக்கமும் வரும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. இந்த இறுக்கம் விலக ஒரு மணி நேரம் ஆகலாம், சிலருக்கு மதியம் வரைக்கும் ஆகலாம். இருபது, முப்பது வயதிலேயே வருவதும் உண்டு.

அபூர்வ நோயோ என்றால் அதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் இதோடு வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்கள். சுமார் 1 கோடியே 30 லட்சம் பேருக்கு நோய் நடுத்தரம் அல்லது கடுமை. இந்தியாவில் 1993-ல் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. அதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பெரியவர்கள் சாப்பிட உட்கார்ந்தால், அதில் ஏழெட்டு பேருக்கு அப்பளத்தை நொறுக்கவே கை வலிக்கும்.

பெயரிலேயே தீர்ப்பா?

நம் தமிழ்ப் பெயரையும் கொஞ்சம் கவனியுங்கள். முடக்குவாதம். சில ஊர்களில் சரவாங்கி என்பார்கள். 'முடக்குவாதம்' என்று கேட்ட உடனே பாதிப் பேர் பக்கவாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர், 'ஓ, முடக்கிப் போட்டுவிடும், விதி' என்று முடிவே செய்துவிடுகிறார்கள். நோயின் கடைசி அத்தியாயத்தை எடுத்து நோய்க்குப் பெயராக வைத்திருக்கிறோம்! முதல் அத்தியாயத்தில், அதாவது விரல் கணு லேசாக வீங்கி, மோதிரம் கழற்ற வராத அந்த நாட்களில், அதற்குப் பெயரே இல்லை. 'வேலை ஜாஸ்தி, அதான் வலிக்குது' என்பதோடு சரி. ஆனால் மருத்துவம் செய்யச் சரியான நேரம் அந்த முதல் சில மாதங்கள்தான்.

எதை எண்ணுகிறார்கள், எதை விடுகிறார்கள்

சரி, நோயின் தீவிரத்தை எப்படி அளக்கிறார்கள்? இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது 1995-ல் வந்த 'டாஸ்-28' என்ற கணக்கு. டாக்டர் 28 மூட்டுகளை அமுக்கிப் பார்ப்பார். எத்தனையில் வலி, எத்தனையில் வீக்கம் என்று எண்ணுவார். ரத்தத்தில் அழற்சியின் அளவைப் பார்ப்பார். 'மொத்தத்தில் எப்படி இருக்கிறது?' என்று நோயாளியிடம் ஒரு கோட்டில் குறிக்கச் சொல்வார். எல்லாவற்றையும் சேர்த்தால் ஓர் எண் வரும். 5.1-க்கு மேல் போனால் கடுமை. 3.2-லிருந்து 5.1 வரை நடுத்தரம். 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கிவிட்டது.

நல்ல கணக்குதான். ஆனால் அந்த 28 மூட்டுகள் எவை? தோள், முழங்கை, மணிக்கட்டு, கை விரல் மூட்டுகள், முழங்கால். அவ்வளவுதான். கணுக்காலும் பாதமும் கால் விரல்களும் அதில் இல்லை! பலருக்கு நோய் ஆரம்பிக்கிற இடமே பாதம்தான். காலை ஐந்து மணிக்குப் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது கூழாங்கல் மேல் நடப்பதுபோல் வலிக்கிறது என்று சொல்பவருக்கும், கணக்குப்படி 'நோய் அடங்கிவிட்டது' என்று வரலாம்.

இன்னொரு விடுபடல் சோர்வு. இது தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை. உடம்புக்குள் அழற்சி ஓடிக்கொண்டே இருப்பதால் வருவது. குளித்து, உடுத்தி முடித்ததுமே மறுபடியும் படுக்கத் தோன்றும். முடக்குவாத ஆய்வுகளில் எதை அளக்கவேண்டும் என்று முடிவு செய்யும் சர்வதேச நிபுணர்களின் மாநாடு ஒன்று இருக்கிறது. 'ஓமெராக்ட்' என்று பெயர். 2002-ல்தான் அதில் முதன்முறையாக நோயாளிகளையும் உட்கார வைத்தார்கள். அவர்கள் வந்து சொன்ன பிறகுதான் சோர்வு என்று ஒன்று இருப்பது பெரிய விஷயமாகத் தெரிந்தது. 2006-ல் எல்லா ஆய்வுகளிலும் வலியைப்போல் சோர்வையும் அளக்கவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நோயாளிகளைக் கேட்கும் வரை நிபுணர்களுக்கு அது பட்டியலிலேயே இல்லை!

ஒரு நாளைப் பாருங்கள்

லேசான, நடுத்தர, கடுமையான என்று ரிப்போர்ட்டில் மூன்று சொற்கள்தான். வீட்டுக்குள் அவை எப்படி இருக்கும்?

லேசானது என்றால் வெளியே யாருக்கும் தெரியாது. பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்க இரண்டு கை வேண்டும். புடவைக் கொசுவத்தில் ஊக்கு குத்த மகளைக் கூப்பிட வேண்டும். டப்பா மூடியைத் திறக்க யாராவது வரும் வரை காத்திருக்க வேண்டும். வேலை எல்லாமே நடக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடங்கு நேரம்.

நடுத்தரம் என்றால் கணக்குப் போட்டு வாழ வேண்டும். இன்று துணி துவைத்தால் நாளை சமைக்க முடியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது, உட்கார்ந்திருக்கும் இளைஞரிடம் இடம் கேட்கவும் முடியாது. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார்! டீச்சராக இருந்தால் சாக்பீஸ் பிடிக்க முடியாது. தையல் வேலை செய்பவராக இருந்தால் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. கணினியில் வேலை செய்பவருக்கு மவுஸே எதிரி. குழந்தையைத் தூக்க முடியாத தாயின் நிலைமையை எந்த ரத்தப் பரிசோதனை காட்டும்?

கடுமை என்றால் குளிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் இன்னொருவர் கை வேண்டும். இந்தியக் கழிப்பறையில் குந்தி உட்காரவோ எழவோ முடியாது. இதனாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். கல்யாணம் காட்சி என்று எங்கேயும் போகமாட்டார்கள். 'அங்கே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா?' என்று கேட்கக் கூச்சம்.

இத்தோடு மனசு. 2013-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முடக்குவாத நோயாளிகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு முழுமையான மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டது. அதற்கு நம் வீடுகளில் கிடைக்கும் மருத்துவம், 'சும்மா யோசிச்சுட்டே இருக்காதே' என்பதுதான்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். நோயின் தீவிரமும் வாழ்க்கையின் தரமும் எப்போதும் ஒரே அளவில் ஏறி இறங்குவதில்லை. எண் 2.6-க்குக் கீழே இருந்தும் வலியும் சோர்வும் விடாதவர்கள் உண்டு. அழற்சி முழுக்க அடங்கியும், பழைய சேதத்தால் விரல் கோணிப்போய்க் கஷ்டப்படுபவர்களும் உண்டு. அதனால்தான் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'நல்லா இருக்கீங்க' என்று அனுப்புவது தப்பு. எண் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணோடு சேர்த்து ஆளையும் கேளுங்கள் என்பதுதான் வாதம்.

சாதாரணக் கேள்வி சொன்ன உண்மை

"இதெல்லாம் கஷ்டம்தான், ஆனாலும் உயிர் போகாதே?" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை.

1980-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃப்ரைஸும் அவர் குழுவும் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். சுருக்கமாக 'ஹெச்.ஏ.க்யூ.' என்பார்கள். உடுத்த முடிகிறதா, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, நிறைந்த டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்று இருபது கேள்விகள். சிரமமே இல்லை என்றால் 0, முடியவே முடியாது என்றால் 3. அவ்வளவு எளிமை. அமெரிக்காவில் எழுதியது என்பதால் குளியல் தொட்டி, கார் கதவு எல்லாம் அதில் வரும். நம் ஊருக்கு அது எப்படிப் பொருந்தும்? 2002-ல் இந்திய மருத்துவர்கள் அதைச் சோதித்து ஓர் இந்திய வடிவம் கொடுத்தார்கள். குந்தி உட்காருவதும் சம்மணம் போடுவதும் அப்போதுதான் கணக்கில் வந்தன.

இதற்கு நடுவே 1980-களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தியோடர் பின்கஸ் என்ற மருத்துவர் தன் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அன்றாட வேலைகளைச் செய்வதில் மிக மோசமாக இருந்தவர்கள் அடுத்த ஐந்தாண்டுகள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு எவ்வளவு இருந்தது தெரியுமா? மூன்று இதய ரத்தக் குழாய்களிலும் அடைப்பு உள்ளவர்களுக்கும், நான்காம் கட்ட ஹாட்ஜ்கின் புற்றுநோய்க்காரர்களுக்கும் அந்தக் காலத்தில் இருந்த அளவுதான்! 'பொத்தான் போட முடிகிறதா?' என்ற கேள்வி, எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சொல்லாததைச் சொல்லிவிட்டது.

அது அந்தக் கால மருத்துவம். இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் அடிப்படை மாறவில்லை. கட்டுக்குள் வராத அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. ரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் தொடும். 2008-ல் வந்த தொகுப்பாய்வின்படி, முடக்குவாதக்காரர்கள் இதய, ரத்தக் குழாய் நோய்களால் இறப்பது மற்றவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம். 'உயிருக்கு ஆபத்தில்லை' என்பவர்கள் இதையும் கொஞ்சம் படிக்கட்டும்.

தைரியம் இருந்தால் போதுமா?

அடுத்து வருவார்கள் தன்னம்பிக்கை கோஷ்டி. "பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரைப் பாருங்க, கை கோணிப்போயும் சாகிற வரைக்கும் வரைஞ்சார்" என்பார்கள். வரைந்தார், உண்மை. 1919-ல் இறக்கும் வரை வரைந்தார். ஆனால் அவர் கையில் தூரிகையை வைத்துவிட ஆள் இருந்தது. சக்கர நாற்காலி இருந்தது. ஓவியம் விற்ற பணம் இருந்தது. 1967-ல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்த கிறிஸ்டியான் பர்னார்டுக்கும் முடக்குவாதம்தான். அவருக்குத் தைரியத்தில் என்ன குறை? கை ஒத்துழைக்காததால் 1983-ல் அறுவை சிகிச்சையை விட்டு ஓய்வு பெற்றார். அழற்சி யாருடைய வில்பவரையும் பார்த்து பயப்படுவதில்லை. தைரியத்தை மருந்தாக எழுதிக் கொடுப்பது, நோயாளி மேலேயே பழியைப் போடுகிற வேலை.

கடுமை என்பது விதி இல்லை

இந்த விஷயத்தில் கோபம் வரவேண்டிய இடம் இதுதான். நோய் கடுமையாவதைப் பெருமளவு தடுக்க முடியும். எப்படி என்பதும் தெரியும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்து 2004-ல் வெளியான 'டிக்கோரா' ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 110 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியை மாதாமாதம் வரவழைத்து, மூட்டுகளை எண்ணி, எண் குறையாவிட்டால் உடனே மருந்தைக் கூட்டினார்கள். புதிய விலை உயர்ந்த ஊசிகள் எதுவும் கிடையாது, பழைய மருந்துகள்தான். பதினெட்டு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சையில் நோய் அடங்கியவர்கள் 16 சதவீதம். மாதாமாதம் கவனித்தவர்களில் 65 சதவீதம்! வித்தியாசம் முழுக்க, விடாமல் கவனித்ததில் இருக்கிறது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? முதல் ஆறு மாதம் தைலம். அடுத்த ஆறு மாதம் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை. பிறகு ஒருவர் 'ஆர்.ஏ. ஃபேக்டர்' டெஸ்ட் எடுக்கச் சொல்வார். நெகட்டிவ் என்று வந்தால் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு அந்த டெஸ்ட் நெகட்டிவாகவே இருக்கும் என்பதை யார் சொல்வது? எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும் வரை காத்திருக்கக்கூடாது என்றுதான் 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து நோயைக் கண்டறியும் விதிகளையே மாற்றின. நாம் இன்னும் காத்திருக்கிறோம்.

இதற்கு நடுவில் ஸ்டீராய்டு. 1948-ல் ஃபிலிப் ஹென்ச் கார்டிசோனை முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்தபோது, நடக்க முடியாதவர் சில நாட்களில் நடந்தார். 1950-ல் நோபல் பரிசும் வந்தது. பின்னாலேயே பக்க விளைவுகளும் வந்தன. டாக்டர் கண்காணிப்பில் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு அது உதவும். பெயர் தெரியாத பொட்டலத்தில் வருடக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

இனி மெத்தோட்ரெக்ஸேட். இன்று உலகம் முழுக்க முதலில் எழுதப்படும் மருந்து இதுதான். விலையும் குறைவு. 'இது கேன்சர் மாத்திரையாமே!' என்று இணையத்தில் படித்துவிட்டு நிறுத்துபவர்கள் ஏராளம். புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள், ஆனால் அங்கே அளவே வேறு. முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள், சிறிய அளவு. தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்ப காலத்தில் கூடாது. ரத்தமும் கல்லீரலும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். இந்தப் பயங்கள் நியாயமானவை. அவற்றுக்குப் பதில் சொல்லவேண்டியது டாக்டரின் கடமை. மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பினால் நோயாளி கூகுளைத்தான் கேட்பார். முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

சட்டத்தின் கண்ணுக்கும் தெரியவில்லை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் நோய் அதில் உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உண்டு. முடக்குவாதம் என்ற பெயர் இல்லை. கையும் காலும் கோணிப்போன பிறகு, இயக்கக் குறைபாடு என்ற கணக்கில் 40 சதவீதம் வந்தால், சலுகைகளுக்கு வழி பிறக்கும். அதாவது நன்றாக முடங்கிய பிறகு வா என்கிறது. இன்று மாடி ஏறி நாளை படுக்கையை விட்டு எழ முடியாதவரை எந்தச் சதவீதத்தில் அடக்குவது? இந்த நோய் ஏறி இறங்கும். காலை எட்டு மணிக்கு முடியாதது மாலை நான்கு மணிக்கு முடியும். அலுவலகம் செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி, தரைத் தளத்தில் ஓர் இடம். அதைக் கேட்டால் 'நேற்று நல்லாத்தானே இருந்தீங்க?' என்கிறார்கள்.

ஆகவே உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ அலுவலகத்திலோ யாராவது 'காலையில் விரல் மடங்க மாட்டேங்குது' என்று சொன்னால், உயிருக்கு ஆபத்தில்லை என்ற ஆறுதலைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். எவ்வளவு நாளாக இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, இரண்டு கையிலுமா என்று கேளுங்கள். ஆறு வாரத்தைத் தாண்டியிருந்தால் வாதநோய் நிபுணர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். ஏற்கெனவே நோய் இருப்பவர் என்றால், இன்று எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்டு, அதை ஒரு தாளில் எழுதி டாக்டர் மேஜை மேல் வைக்கச் சொல்லுங்கள். ரத்த ரிப்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே!